பக்கத்து இலைப் பாயசம்

நோய் எப்படிப் பரவுகிறது என்று நித்யஸ்ரீக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியரின் பெயர் மாரியாத்தாள். அம்மை போடுகிற தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் கொள்ளைநோய்ப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். கோயமுத்தூர்க் கல்லூரியில் பொதுச் சுகாதார முதுகலை வகுப்பின் முதல் நாளே அவர் அதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். "சிரிக்கறவங்க எல்லாம் இப்பவே சிரிச்சுப்போடுங்க. நாளைக்குப் புள்ளியியல் ஆரம்பிக்குது, அப்புறம் சிரிப்பு வராது" என்றார். சொன்னபடியே மறுநாளிலிருந்து யாருக்கும் வரவில்லை.

மேடத்துக்குக் குலதெய்வம் நாலு கட்டம். பலகையில் ஒரு கூட்டல் குறி போட்டால் நாலு கட்டம் வந்துவிடும். சாப்பிட்டு நோய் வந்தவர், சாப்பிட்டும் வராதவர், சாப்பிடாமலே வந்தவர், சாப்பிடாமல் தப்பித்தவர். எந்தப் பண்டத்தின் மேல் சந்தேகமோ அதற்கு இந்த நாலையும் நிரப்பிப் பார்த்தால் குற்றவாளி தானாக வெளியே வருவான் என்பார். இரண்டாம் ஆண்டுக்கு வருவதற்குள் நித்யஸ்ரீ கேண்டீன் மேசையில் டீ சிந்தினால்கூட அதில் விரலால் கூட்டல் குறி போட ஆரம்பித்திருந்தாள்.

சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை மேடம் வகுப்புக்குள் நுழைந்ததே வேகமாக இருந்தது. "களப்பணி வந்திருக்குது. வெள்ளகோவில் பக்கத்துல ஒரு காதுகுத்து விசேசம். ஞாயித்துக்கெழமை மத்தியானம் விருந்து, பொழுது சாயறதுக்குள்ள ஏகப்பட்ட பேருக்கு வாந்தி. யாருக்கும் ஆபத்து இல்லை, எல்லாரும் எந்திரிச்சு நடமாடறாங்க. ஆனா எதனாலன்னு தெரியோணும்னு சுகாதாரத் துறையில கேக்கறாங்க. யார் போறீங்க?"

அஃப்ஷீன் கை தூக்கினாள். அருள்குமாரும் தூக்கினான். நித்யஸ்ரீ எழுந்து நின்றாள்.

"மேடம், அந்த விருந்துக்குச் சமைச்சது எங்கப்பாங்க."

சூலூர் தனபால் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. ஐந்நூறு பேருக்கு ரசம் வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு உப்பை அள்ளிப் போடுவார், ஒரு கல் கூடாது, குறையாது. வீட்டில் சமைத்தால் மட்டும் கதை வேறு. ஐந்நூறு பேருக்கு அளந்து பழகிய கை மூன்று பேருக்கு இறங்க மாட்டேன் என்றது. அவர் ஆசையாக ரசம் வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நித்யஸ்ரீயும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள். அவர் முகம் வாடுவதைப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

அந்த முகம்தான் திங்கட்கிழமையிலிருந்து வாடிக் கிடந்தது. அவரை யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. திட்டினால் பதில் சொல்லலாம், சண்டை போடலாம். கொங்கு நாட்டு மரியாதை அதற்கும் வழி வைக்கவில்லை. காதுகுத்து நடந்த குழந்தையின் தாய்மாமன் மதன்குமார், பெருந்துறைத் தொழிற்பேட்டையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறவர், வைகாசியில் நடக்கும் தன் கல்யாணத்துக்கே தனபாலைத்தான் பேசி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்தார். "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாலத்துக்கு வேற ஏற்பாடு ஆகறாப்பல இருக்குது. அடுத்த விசேசத்துக்குக் கண்டிப்பாக் கூப்புடறமுங்க" என்றார். அப்பா "சரீங்க, பரவாயில்லீங்க, நல்லபடியா நடக்கட்டுங்க" என்று வாழ்த்தே சொன்னார். போனை வைத்த பிறகு வெகுநேரம் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெருந்துறை கைவிட்டால் ஈரோடு கேட்கும், ஈரோடு கேட்டால் திருப்பூர் கேட்கும். அந்தத் தொழிலில் பேர் போனால் போனதுதான்.

மாரியாத்தாள் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ இதுல சம்பந்தப்பட்டவ. யாரையும் நீ நேர்ல கேள்வி கேக்கக் கூடாது. கேள்வியை எழுதித் தரலாம், கேக்கறது அவங்க ரெண்டு பேரும். கணக்கு அஃப்ஷீன் போடுவா, நான் சரிபார்ப்பேன். இதெல்லாம் அறிக்கையிலயும் எழுதியிருக்கும். கடைசியில உங்கப்பா பேரே வந்தா?"

"வந்தா வரட்டுங்க மேடம். போட்டுத்தான ஆகோணும்" என்றாள் நித்யஸ்ரீ.

மறுநாள் காலை கல்லூரி வேன் வெள்ளகோவிலுக்குக் கிளம்பியது. விருந்து வைத்தவர் காளிச்சாமி, குழந்தையின் அப்பாவைப் பெற்றவர். தென்னந்தோப்புக்கு நடுவே பெரிய வீடு. வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "சமையல் பூராவும் தனபாலுதானுங்க" என்று விருந்தில் வைத்ததை வரிசையாகச் சொன்னார். சாதம், பருப்பு, சாம்பார், ரசம், பொரியல், தயிர்வடை, கேசரி. அருள்குமார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். நித்யஸ்ரீ சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி வேப்பமர நிழலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் இருவரும் திரும்பி வந்தபோது அஃப்ஷீன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். "நித்யா, இந்த ஊர்ல கணக்கே போட முடியாதுடி."

"ஏன், பேச மாட்டேங்கறாங்களா?"

"பேசறாங்க, டீ குடுக்கறாங்க, முறுக்கு குடுக்கறாங்க. ஆனா எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட்டாங்களாம்! யாரைக் கேட்டாலும் ஒரே பதில்."

அருள்குமார் அந்தப் பதிலை நடித்தே காட்டினான். "'ஒண்ணு உடாமச் சாப்புட்டமுங்க, எல்லாம் அமிர்தமாட்ட இருந்துச்சுங்க.' வாந்தி எடுத்தவரும் அதையேதான் சொல்றாரு, எடுக்காதவரும் அதையேதான் சொல்றாரு. வாந்தி எதுக்குன்னு கேட்டா வெயில்ங்கறாங்க."

நித்யஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. விருந்து வைத்தவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் "நான் தயிர்வடையைத் தொடவில்லை" என்று விருந்துக்கு வந்த எந்த மானமுள்ள ஒறம்பரை சொல்வார்? இலையில் வைத்ததை வேண்டாம் என்று சொன்னால் வைத்தவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. சாப்பிடாதவர் என்று ஒருவர்கூட இல்லாவிட்டால் நாலு கட்டத்தில் இரண்டு கட்டம் காலி. எதனோடு எதை ஒப்பிடுவது? குற்றவாளி வெளியே வரமாட்டான், பழி மட்டும் அப்பாவின் தலையில் அப்படியே நிற்கும்.

மூவரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது பாவாயம்மாள் மோர்ச் சொம்போடு வந்தார். காளிச்சாமியின் பங்காளி வீட்டுக்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது. வந்தவுடன் வேனின் படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"ஏனம்மணி, நீ மட்டும் எறங்காம உக்காந்திருக்கறே? மோரு குடி. என்ற கையில வாங்கிக் குடிக்கறதுக்கென்ன, நீ என்ன எங்க சின்னமணியாட்டமா?"

"சின்னமணி யாருங்க?" என்று அஃப்ஷீன் சும்மா கேட்டு வைத்தாள்.

"பந்தியில எனக்கு எடப்பக்கம் உக்காந்திருந்தா. தாய்மாமன் அத்தன தூரத்துலருந்து சீரோட எளநிப் பாயசம் செஞ்சு கொண்டாந்து, அவரே ஒவ்வொரு எலையா வந்து ஊத்தறாரு. இவ தொடவே இல்லியே! எலை ஓரமாத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுப் போய்ட்டா. சக்கரை வியாதியாம். மாமன் சீருக்கு ஒரு வாய் வெச்சா உசுரா போயிரும்?"

நித்யஸ்ரீ மோரைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா அன்றைக்குப் பாயசமே வைக்கவில்லை. காளிச்சாமி சொன்ன வரிசையிலும் பாயசம் இல்லை. அவர் மறைக்கவில்லை, பாவம். மாமன் கொண்டுவருவது சீர். தேங்காய் பழம் போல, பட்டுத்துணி போல அதுவும் ஒரு மரியாதை. அதைப் போய் யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கேட்கக் கூடாது. அஃப்ஷீனின் கையை அழுத்திக் கிள்ளினாள். அஃப்ஷீன் கெட்டிக்காரி, கிள்ளலின் பொருளை உடனே விளங்கிக்கொண்டாள்.

"அந்தச் சின்னமணி அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, கல்லாட்ட இருக்கறா. மறுநாளே காங்கயத்துக்குப் போயி சேலை எடுத்துட்டு வந்துட்டா."

"நீங்க?"

"எனக்கு லேசா வெயில் சூடு" என்று பாவாயம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அது கெடக்குது உடு. எனக்கு வலப்பக்கத்துல இருந்தவியளக் கேளு. தயிர்வடையத் தொடல, கேசரியையும் தொடல..."

அவர் போகும்போது ஒரு பந்தி வரிசையே அவர் வாயிலிருந்து இறங்கியிருந்தது. நித்யஸ்ரீக்குக் கை பரபரத்தது. தன்னைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்குப் பொய் சொல்கிற ஊர், அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடாகிவிடுகிறது! பழைய கேள்வியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். உங்கள் இரண்டு பக்கமும் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்கள் இலையில் எதை விட்டார்கள்?

மேடத்துக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே சந்தேகம்தான் வந்தது. "அடுத்தவங்க சொல்ற பதிலை எப்படி நம்பறது?"

"ஒவ்வொரு எலைக்கும் ரெண்டு பக்கமும் சாட்சி இருக்குதுங்க மேடம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா மட்டும் எடுத்துக்கறோம். பாயசத்தை மட்டும் கேக்கறதில்லீங்க, எல்லாப் பண்டத்தையும் ஒரே மாதிரி கேக்கறோம்."

மறுமுனையில் மாரியாத்தாள் மேடம் சிரித்த சிரிப்பு வேன் ஓட்டுநருக்கே கேட்டது. "பக்கத்து எலைக்குப் பாயசம் கேக்கறவங்களைப் பார்த்திருக்கேன். பக்கத்து எலைப் பாயசத்தை விசாரிக்கறவளை இப்பத்தான் பார்க்கறேன். கேளுங்க, போங்க."

அதற்குப் பிறகு அஃப்ஷீனுக்கும் அருள்குமாருக்கும் எழுதிக் கை வலித்தது. ஊரே ஆவலோடு பதில் சொன்னது. இன்னார் மச்சான் கேசரியை மூன்று தரம் வாங்கினார், இன்னார் மருமகள் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள், இன்னார் பாயசத்தைக் குழந்தை இலைக்குத் தள்ளிவிட்டார். ஒருவர் இலைக்கு இரண்டு பக்கத்துச் சாட்சியும் பெரும்பாலும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது.

சாயங்காலம் வேனிலேயே மடிக்கணினியைத் திறந்து அஃப்ஷீன் கணக்குப் போட்டாள். முதலில் வந்த கணக்கைப் பார்த்து அவள் முகம் மாறியது. நித்யஸ்ரீ பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பாயசம் சாப்பிடாதவங்க நல்லா இருக்காங்க. ஆனா நித்யா, தயிர்வடை சாப்பிடாதவங்களும் நல்லாத்தான் இருக்காங்க."

தயிர்வடை அப்பாவுடையது. தயிர் புளித்திருக்குமோ, அன்றைக்கு உதவிக்கு வந்த ஆள் கை கழுவவில்லையோ என்று நித்யஸ்ரீயின் மனம் என்னென்னவோ நினைத்தது. ஒரு நிமிடம் மடிக்கணினியை மூடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் சின்னமணி நினைவுக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லியிருப்பார்கள் அல்லவா? பாயசத்தைத் தள்ளியவரே வடையையும் தள்ளியிருப்பார். அப்படியானால் வடை பாயசத்தின் நிழலில் நின்று பழி சுமந்துகொண்டிருக்கலாம்.

"ரெண்டையும் பிரிச்சுப் பாரு. பாயசத்தை விட்டுட்டு வடை மட்டும் சாப்பிட்டவங்க எப்படி இருக்காங்க? வடையை விட்டுட்டுப் பாயசம் மட்டும் குடிச்சவங்க எப்படி?"

அஃப்ஷீன் பிரித்தாள். வடை மட்டும் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் நன்றாக இருந்தார்கள். பாயசம் மட்டும் குடித்தவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கு வாந்தி எடுத்திருந்தார்கள். அருள்குமார் திரையைப் பார்த்துவிட்டு, "ஆகமொத்தம், யாரு ரொம்ப மரியாதையானவங்களோ அவங்களுக்குத்தான் வாந்தி" என்றான். மூவரும் சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. நித்யஸ்ரீ சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா தப்பித்துவிட்டார் என்ற நினைப்பு நெஞ்சில் பாலாக இறங்கியது.

சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைதான் நின்றது. இதை யார் மதன்குமாரிடம் சொல்வது? கல்யாணச் சமையலை நிறுத்தியவரும் அவர், பாயசம் கொண்டுவந்தவரும் அவர். சொன்னால் அவர் கோபத்தில் பெருந்துறைப் பக்கமே அப்பாவைக் காலெடுத்து வைக்க விடமாட்டார். சொல்லாவிட்டால் பழி நிற்கும்.

மேடம் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும், முதலில் விருந்து வைத்த வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காளிச்சாமி வீட்டு ஆசாரத்தில், அந்தப் பெரிய முன்கூடத்தில், எல்லோரும் கூடினார்கள். மதன்குமாரும் வந்திருந்தார், ஆள்காட்டி விரலில் பழைய பிளாஸ்திரி. தனபாலையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தூண் ஓரமாக, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார்.

சொல்ல வேண்டியவன் அருள்குமார். அவனும் அந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான் என்பதை அப்போதுதான் காட்டினான். "சாப்பாடு எல்லாமே அருமைங்க. பாயசமும் ரொம்ப அருமைங்க. அருமையா இருந்ததாலதான்..." என்று ஆரம்பித்து, எச்சில் விழுங்கி, அங்கேயே நின்றுவிட்டான்.

தனபால் விஷயத்தைப் புரிந்துகொண்டார். உடனே கையைக் கூப்பினார். "போதுங்க தம்பி. மாமன் சீரைப் பத்திப் பேச்சு வேண்டாமுங்க. சமையக்காரன் நானு, தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போகட்டுங்க."

நித்யஸ்ரீக்குக் கோபம் பொங்கியது. அதற்குள்ளே அவ்வளவு பாசமும் இருந்தது. கேள்வி கேட்கத்தான் தடை, பதில் சொல்லத் தடையில்லை. மேடத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"அப்பா, செய்யாத தப்ப நீங்க ஏனுங்க எடுத்துக்கறீங்க? இது மரியாதை இல்லீங்க, பொய்யுங்க." பிறகு மதன்குமார் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, மன்னிச்சுக்குங்க. வாந்தி வந்தது நீங்க கொண்டாந்த பாயசத்தாலதானுங்க. ஆசையாத்தான் செஞ்சு கொண்டாந்தீங்க, அதுல சந்தேகமே இல்லீங்க. பாலும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது இந்த வெயில்ல ரொம்ப நேரம் வெளிய இருந்தா உள்ள விஷம் ஊறிப்போயிருமுங்க. செய்யறவங்க கையில ஒரு சின்னக் காயம் இருந்தாலே போதுமுங்க, கிருமி அதுலருந்து எறங்கிருமுங்க."

மதன்குமார் தன் விரலைப் பார்த்தார். பிளாஸ்திரியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எளநி வழுக்கைய என்ற கையாலயே வழிச்சேனுங்க" என்றார் மெதுவாக. "அக்கா புள்ளைக்குன்னு ராத்திரியே செஞ்சு கார் டிக்கியில வெச்சேன். பந்தியில ஊத்தறவரைக்கும் டிக்கியிலயேதான் இருந்துச்சு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "நானும் ரெண்டு சொம்பு குடிச்சேனுங்க. அன்னிக்கு ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சென்னிமலைல ஒருக்கா, பெருந்துறைல ஒருக்கான்னு காரை நிறுத்தி... வெளிய சொன்னா தனபாலண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க."

காளிச்சாமி தொண்டையைக் கனைத்தார். "எனக்கும்தான் மாப்ள. வெயிலுன்னு சொல்லிப்போட்டேன்."

"எனக்குந்தானுங்கொ!" என்று சமையலறையிலிருந்து பாவாயம்மாளின் குரல் வந்தது.

அதோடு அணை உடைந்தது. ஆளாளுக்குத் தங்கள் வாந்திக் கதையைப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். யார் எந்தத் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தார், யாரை யார் தாங்கிப் பிடித்தார் என்பதுவரை வந்தது. சிரித்துச் சிரித்துக் காளிச்சாமிக்கு இருமல் எடுத்துவிட்டது. மதன்குமார் எழுந்து போய்த் தனபாலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணா, தப்புப் பண்ணிப்போட்டேன். என்ற கண்ணாலத்துக்கு நீங்க வந்து சமைக்காட்டி நான் தாலியே கட்ட மாட்டேனுங்க. பாயசமும் நீங்களேதான்." தனபால் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வைகாசிக் கல்யாணத்தில் தனபால் வைத்த ரசத்தைப் பெருந்துறையே கையேந்திக் குடித்தது. பாயசம் அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் போனது. மாரியாத்தாள் மேடம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பக்கத்து இலையையும் ஒரு கண் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் ரசம் வைத்தார். பாட்டே பாடிக்கொண்டு வைத்தார். மகளுக்கு முதலில் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "எப்பிடி இருக்குது கண்ணு?"

நித்யஸ்ரீ ஒரு வாய் சாப்பிட்டாள். அம்மாவின் கை பழக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை நோக்கிப் போனது. நித்யஸ்ரீ அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "உப்புத் தூக்கலுங்கப்பா" என்றாள்.

அம்மா சொம்பைத் தொட்டபடியே உறைந்துபோனாள். தனபால் கிண்ணத்தை வாங்கி ஒரு முழுங்கு குடித்தார். நாக்கைச் சுழற்றினார். இன்னொரு முழுங்கு குடித்தார்.

"அட ஆமா!" என்றார். "என்னைக்கிருந்து இப்பிடி?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "நம்ம கண்ணாலம் ஆன நாள்லருந்துங்க."

தனபால் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு அவர் சிரிக்க ஆரம்பித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"கொஞ்சம் இருங்க, சுடுதண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சுக் கொண்டாரேன். கண்ணு, நீயும் வா. வந்து நக்கிப் பார்த்துச் சொல்லு."